யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த தேர்தல்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மண்ணூர்பேட்டையில் தேர்தல் வந்தால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். காலையிலிருந்து ஆட்டோவில் ஒலிபெருக்கி. அப்படிப்பட்டவன் 2013 செப்டம்பரில் யாழ்ப்பாணம் போனேன். நம்மோடு படித்துவிட்டு ஊர் திரும்பிய நண்பன் வீட்டுக் கல்யாணம். நம் நாட்டு இர்கான் நிறுவனம் போட்ட தண்டவாளத்தில் கிளிநொச்சி வரை ரயில் விட்ட சமயம் அது.

போர் முடிந்து நாலு வருஷம். வட மாகாண சபைக்கென்று தனியாக நடந்த முதல் தேர்தல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளர், ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சி.வி.விக்னேஸ்வரன். சின்னம் வீடு. ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு வெற்றிலை. டீக்கடையில் நம்ம ஊர் பழக்கத்தில், "யாருக்கு சார் ஓட்டு?" என்று கேட்டுத் தொலைத்தேன். கடையே அமைதியாகிவிட்டது. "மச்சான், இங்க அப்படிக் கேக்கிறேல்ல" என்று நண்பன் என்னை வெளியே கூட்டி வந்தான். சந்தியில் ஆமிக்காரர் நின்றிருந்தார்.

நண்பனின் பெரியம்மாவுக்கு ஊர் மயிலிட்டி. 1990-ல் அங்கிருந்து சனமெல்லாம் கிளம்ப, ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. 23 வருஷமாக முகாமில்தான் குடித்தனம். போய்ப் பார்த்தோம்.

"உங்கட ஊரில வாக்குப் போட்டா என்ன தருவினம் தம்பி?"

"மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் தர்றாங்கம்மா."

சிரித்துவிட்டார். "எங்களுக்கு வீட்டைச் சின்னமாத் தந்திருக்கினம். வீட்டைத்தான் தரேல்ல."

வாக்குச்சீட்டில் எங்கே புள்ளடி போடுவது, விருப்பு வாக்கை எப்படிப் போடுவது என்று பேரப் பிள்ளையிடம் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். செப்டம்பர் 21 சனிக்கிழமை, விடிந்ததும் வெள்ளைச் சேலையில் கிளம்பிவிட்டார். என் விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 2011-ல் எனக்கு வாக்குச்சாவடி மூன்றே தெரு தள்ளி. லீவு கிடைத்ததே என்று தூங்கினேன்.

38 இடங்களில் கூட்டமைப்புக்கு 30. "இனி எப்ப ஊருக்கு விடுவினம்?" என்று பெரியம்மா கேட்டார். நண்பன் பதில் சொல்லவில்லை. ராணுவம் மாகாண சபையின் கையில் இல்லை. ஆளுநரே ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல். வலிகாமம் வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொள்ள அந்த ஏப்ரலில்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

மயிலிட்டித் துறைமுகத்தை 2017 ஜூலையில் திரும்பக் கொடுத்தார்கள். பெரியம்மா அதற்கு முந்தின வருஷமே முகாமில் காலமாகிவிட்டார். அவர் காணியும் பிறகு விடுபட்டது. நண்பன் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். கிணறு இருக்கிறதாம். வீடு இருந்த இடம் மட்டும் பிடிபடவில்லையாம்.