ஊற்றும் ஊர்ப்பெயரும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊற்றுகளை அடுத்த ஊர்கள் எவ்வாறு பெயர் பெற்றன என்பது குறித்துச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தீர்கள். ஊர்ப்பெயரில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் நினைத்தல் கூடும். ஆயின், ஒரு பெயரில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்று நோக்குவோமாயின், நம் சங்கத்தார்க்குப் பயன்படும் ஓர் உண்மை அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

பண்டை ரோமர் வெந்நீர் ஊற்றுகளில் நீராடுவதில் பெருவிருப்புடையவர். அவர்தம் இலத்தீன் மொழியில் நீருக்கு 'அக்வா' என்று பெயர். அதன் பன்மை 'அக்வே'. தாம் கைக்கொண்ட நாடுகளில் ஊற்றுள்ள பல இடங்களுக்கு, 'அக்வே' என்பதை முன்வைத்து, அதன்பின் ஒரு தலைவன் பெயரையோ, ஒரு குடியின் பெயரையோ, ஒரு தெய்வத்தின் பெயரையோ சேர்த்துப் பெயர் வழங்கினர்.

தலைவன் பெயர் தாங்கிய ஊரை முதற்கண் காண்போம். கி.மு. 122ஆம் ஆண்டில் செக்ஸ்தியுஸ் என்னும் ரோமானியத் தலைவன், இக்காலத்துப் பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், தான் வென்ற நிலத்தில் ஊற்றுகளின் அருகே ஓர் ஊரை நிறுவினான். அது 'அக்வே செக்ஸ்தியே', அதாவது செக்ஸ்தியுஸின் நீர், எனப் பெயர் பெற்றது. நூற்றாண்டுகள் பல கழிந்தன. நம் பேச்சில் ஊற்று என்பது ஊத்து ஆனாற்போல, மக்கள் நாவில் அக்வே தேய்ந்து 'எக்ஸ்' என்றாயிற்று. இன்றும் அந்நகரின் பெயர் அதுவே. செக்ஸ்தியுஸோ அப்பெயரினின்றும் உதிர்ந்து போயினான், நீர் நின்றது.

இனி, குடிப்பெயர் கொண்ட ஊர். அதே தேசத்தின் தென்மேற்கில் தார்பெல்லி என்னும் குடியினர் வாழ்ந்த இடத்து ஊற்றூர், அவர் பெயரோடு சேர்த்து 'அக்வே தார்பெல்லிக்கே' எனப்பட்டது. அதுவும் தேய்ந்து 'ஆக்ஸ்' ஆகி, 'உடைய' என்னும் பொருள்தரும் எழுத்தொன்று முன்னே ஒட்டிக்கொள்ள, இன்று 'டாக்ஸ்' என வழங்குகிறது. இங்கும் குடிப்பெயர் மறைந்தது, நீர் நின்றது.

தெய்வப்பெயரின் கதியும் அஃதே. ஜெர்மனியிலுள்ள ஆகன் நகர், கிரானுஸ் என்னும் தெய்வத்தின் பெயரால் 'அக்வே கிரானி' எனப்பட்டது. அங்குள்ள வெந்நீரை விரும்பியே சார்லமேன் சக்கரவர்த்தி அந்நகரில் வாழ்ந்து, 814ஆம் ஆண்டில் அங்கேயே காலஞ்சென்றான். ஆகன் என்பதும் பழைய ஜெர்மானிய மொழியில் நீரைக் குறிக்கும் சொல்லினின்றே பிறந்தது. இங்கிலாந்தில் சூலிஸ் என்னும் தெய்வத்தின் பெயரால் 'அக்வே சூலிஸ்' எனப்பட்ட ஊரோ, இன்று வெறும் 'பாத்', அதாவது நீராடுமிடம், என்று நிற்கிறது. பண்டு பெய்த மழைநீர் பூமியின் ஆழத்திற் சென்று சூடேறி, ஏறத்தாழ 46 பாகை வெப்பத்துடன், நாளொன்றுக்குப் பதினொரு இலட்சம் லிட்டருக்கு மேல் அவ்விடத்தே சுரந்த வண்ணமிருக்கிறது.

அரசன் பெயர் நிலைத்த ஊரே இல்லையோ எனின், உண்டு. செக்கு நாட்டிலுள்ள கார்லோவி வாரி என்னும் நகர், 1370ஆம் ஆண்டில் அதற்கு நகருரிமை வழங்கிய நான்காம் சார்லஸ் மன்னனின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அவன் பெயரும் தனித்து நிற்கவில்லை. வெந்நீரைக் குறிக்கும் சொல்லைத் துணைக்கொண்டே நிற்கிறது.

நீரின் பெயரைத் தாமே துறந்தவரும் உளர். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாகாணத்தில் 'ஹாட் ஸ்பிரிங்ஸ்', அதாவது வெந்நீர் ஊற்றுகள், என்றோர் ஊர் இருந்தது. வானொலி வினோத நிகழ்ச்சி ஒன்றனை நடத்தியோர், எவ்வூர் தம் நிகழ்ச்சியின் பெயரைச் சூடிக்கொள்ளுமோ அவ்வூரினின்றும் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவை ஒலிபரப்புவோம் என்றனர். 1950இல் அவ்வூரார் அதற்கிசைந்து, 'ட்ரூத் ஆர் கான்சிகுவென்சஸ்' எனத் தம் ஊரின் பெயரை மாற்றிக்கொண்டனர். அவ்வானொலி நிகழ்ச்சி ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. வெந்நீர் இன்றும் சுரக்கிறது. நீராடுவோர் இன்றும் செல்கின்றனர். ஊரின் பெயரைக் கேட்போர்க்கு மாத்திரம் அங்கே ஊற்றுண்டு என்பது தெரிவதில்லை.

அன்பர்களே! இவற்றை யாம் எடுத்துரைத்தது தூரதேசத்து வேடிக்கைகளைக் காட்டுதற்கன்று. நம்மவர் ஒரு கிணறு வெட்டினும், தண்ணீர்ப்பந்தல் அமைப்பினும், நீர் வருமுன்னே பெயர்க்கல் வந்துவிடுகிறது. அக்கல்லில் எவர் பெயர் முதலில், எக்குடும்பத்தின் பெயர் அடுத்து என்னும் வழக்கினால் நற்பணிகள் நின்றுபோதலும் உண்டு. இவ்வழக்கைச் செக்ஸ்தியுஸிடம் கொண்டுசெல்வோமாயின் அவன் என்ன தீர்ப்புச் சொல்வான்? ஈராயிரம் ஆண்டுகளுக்குப்பின் தன் பெயரைத் தள்ளிவிட்டுத் தண்ணீரையே மக்கள் காத்துவைத்தனர் என்றன்றோ சொல்வான்!

எழுதுவோர் எழுதுக, அதனை யாம் தடுப்பதற்கில்லை. ஆனால் கல்லுக்குச் செலவிடும் கவலையினும் பன்மடங்கு கவலையை, நீர் வற்றாதிருத்தற்கும், தூர் வாருதற்கும், துறை தூய்மையாயிருத்தற்கும் செலவிடுக. தாகந் தீர்ந்தவர் நாவிலே வாழும் பெயர் தண்ணீரின் பெயரே. அது நிலைக்குமாயின், நம் உழைப்பும் அதனுள்ளே பெயரின்றி நிலைத்திருக்கும்.