தண்டனை முடிந்த பின்னும் தண்டனையா?

(வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாக் கூட்டத்தில், "குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட விளையாட்டு வீரர் மீண்டும் ஆடத் தகுதியுடையவரா?" என்னும் பொருள்பற்றிச் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



நாம் மேடையேறினால் மொழியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியுமே பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். ஆனால், விழாக் குழு இளைஞர்கள் எமக்குக் கொடுத்த பொருள் வேறு. குற்றம் செய்து சிறை சென்ற விளையாட்டு வீரனை மீண்டும் மைதானத்தில் இறங்க விடலாமா என்று கேட்கிறார்கள். "இது சிறு பிள்ளைகளின் கேள்வி, ஊர்ப் பெரியவர்கள் கூடும் சபைக்கு உகந்ததா?" என்று முன் வரிசையில் ஒருவர் முணுமுணுத்ததும் எம் காதில் விழுந்தது. உகந்ததே என்பது எமது எண்ணம். தண்டனைக்கு எல்லை உண்டா, இல்லையா என்பதே இக் கேள்வியின் உட்பொருள். அந்தக் கேள்வி மைதானத்தோடு நிற்பதன்று. நம் வீட்டுப் படலைவரை வருவது.

லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்தது

முதலில் வழக்கின் விபரங்களைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து அணியும் பாகிஸ்தான் அணியும் டெஸ்ட் போட்டியொன்றில் மோதின. அதிலே மூன்று பந்துகள், வீசுபவரின் கால் கோட்டைக் கடந்து விழ, முறையற்ற பந்துகளாயின. காண்பவர்க்கு அது சாதாரணத் தவறு. ஆனால், எந்த ஓவரில் எந்தப் பந்து முறையற்றதாக வீசப்படும் என்பதை மஷார் மஜீத் என்னும் தரகர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சூதாட்டக்காரர் போல் வேடமிட்டுச் சென்ற ஆங்கிலப் பத்திரிகையொன்றின் நிருபரிடம் அவர் 150,000 பவுண் பெற்றுக்கொண்டு சொன்னபடியே பந்துகள் விழுந்தன.

மூன்று பந்துகளில் இரண்டை வீசியவர் முகமது ஆமிர். ஒன்றை வீசியவர் முகமது ஆசிப். அணித் தலைவர் சல்மான் பட். ஆமிருக்கு அப்பொழுது வயது பதினெட்டு. அந்த இனிங்ஸில் அவர் 84 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நேர்மையாகவே வெல்லும் ஆற்றல் படைத்த கையே விலைபோயிற்று.

2011 பெப்ரவரியில் சர்வதேச கிரிக்கெட் பேரவையின் விசாரணைக் குழு பட்டுக்குப் பத்தாண்டும், ஆசிப்புக்கு ஏழாண்டும், ஆமிருக்கு ஐந்தாண்டும் தடை விதித்தது. பட்டின் தண்டனையில் ஐந்தாண்டும் ஆசிப்பின் தண்டனையில் இரண்டாண்டும் ஒத்திவைக்கப்பட்டமையால், நடைமுறையில் மூவருக்கும் கிடைத்தது ஐந்தாண்டே. அதே ஆண்டு நவம்பரில் இலண்டன் சதர்க் நீதிமன்றில் பட்டும் ஆசிப்பும் குற்றவாளிகளென ஜூரிமார் தீர்த்தனர். ஆமிரோ தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டார். பட்டுக்கு முப்பது மாதச் சிறை. ஆசிப்புக்குப் பன்னிரண்டு மாதம். ஆமிருக்கு ஆறு மாதம்.

சபையோரே, இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். விளையாட்டின் மன்றம் தலைவனையும் சிறுவனையும் ஒரே கால அளவுக்கு வெளியே நிறுத்தியது. நீதிமன்றமோ தலைவனுக்குச் சிறுவனைப்போல் ஐந்து மடங்கு தண்டனை விதித்தது. எது நியாயத்துக்கு அணித்தானது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

தராசும் மண்வெட்டியும்

2016 ஜனவரியில் ஆமிர் பாகிஸ்தான் அணிக்குத் திரும்பினார். திரும்புமுன் சக வீரர் இருவர், முகமது ஹபீஸும் அசார் அலியும், அவர் பங்குபற்றும் பயிற்சி முகாமுக்கு வர மறுத்தனர். பிறகு இணங்கினர். அவ்வாண்டு ஜூலையில் அதே லோர்ட்ஸ் மைதானத்தில் அவர் மீண்டும் பந்து வீசினார். பாகிஸ்தான் 75 ஓட்டங்களால் வென்றது. 2017 ஜூனில் சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவின் முதல் மூன்று விக்கெட்டுகளையும் அவரே வீழ்த்தினார். கிண்ணம் பாகிஸ்தானுக்குச் சென்றது.

இது சரியா? சரியன்று என்பார் கூறும் வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடப் போவதில்லை. கமக்காரராகிய உங்களுக்கு விளங்கும்படி அதைச் சொல்வோம். சந்தையில் வெங்காயம் நிறுப்பவன் தராசில் கள்ளம் செய்து பிடிபட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறையிருந்து வந்தபின் அவன் தோட்டம் கொத்தட்டும், கிணறு வெட்டட்டும், எவரும் தடுக்கமாட்டார். ஆனால், அதே தராசை மீண்டும் அவன் கையில் கொடுப்போமா? பந்து வீச்சாளன் கையிலுள்ள பந்தும் ஒரு தராசே. காசு கொடுத்துப் பார்க்க வருபவன் அந்தத் தராசை நம்பியன்றோ வருகிறான்? சல்லடையை விற்றுவிட்டு நெல்லைக் குறை சொல்ல முடியுமா?

வலிமையான வாதந்தான். எனினும் நமது சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையின்படி, இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறையிடத்தக்க குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஏழாண்டுகள் கழியும்வரை வாக்காளராயிருக்கும் தகுதியை இழக்கிறார். அத்தகுதியை இழந்தவர் நாடாளுமன்றம் செல்லவும் இயலாது. ஏழாண்டு கழிந்தால்? வாக்களிக்கலாம்; வேட்பாளராகவும் நிற்கலாம். எமது தொழிலிலும் அவ்வாறே. ஒழுக்கம் தவறிய சட்டத்தரணியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீக்கப்பட்டவர் திருந்தி வந்து தம்மை மீண்டும் சேர்க்குமாறு விண்ணப்பிக்கவும் வழியுண்டு. சட்டம் இயற்றும் தராசையும் வழக்குரைக்கும் தராசையும் திருப்பிக் கொடுக்க வழி வைத்திருக்கும் நாம், பந்தை மட்டும் ஆயுள் முழுவதும் மறுப்பது எந்த நியாயம்?

ஆகவே, தராசைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால், காலம் கழிய வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கண்காணிப்பும் இருக்க வேண்டும். அன்றியும், தராசு பிடிப்பது வேறு, சந்தைக்கே தலைவனாவது வேறு. பதினெட்டு வயதுப் பையனைத் தீய வழியில் இட்டுச் சென்ற தலைவன் மீண்டும் துடுப்பெடுத்து ஆடட்டும். பிறரைத் தெரிவுசெய்யும் ஆசனத்தில் அமர வேண்டாம். 2023 டிசம்பரில் பாகிஸ்தான் கிரிக்கெட் சபை பட்டைத் தெரிவுக் குழுத் தலைவரின் ஆலோசகராக நியமித்தது. கண்டனம் எழுந்ததும் மறுநாளே அந்நியமனம் நீக்கப்பட்டது. மக்கள் மனத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

மைதானத்துக்கு வெளியே செய்த குற்றம்

இனி, விளையாட்டோடு தொடர்பில்லாத குற்றங்களைக் கவனிப்போம். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 1992இல் ஒரு பெண்ணை வன்புணர்ந்த குற்றத்துக்காக ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1995 மார்ச்சில் வெளியே வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மேடையேறினார். அடுத்த ஆண்டு உலகப் பட்டத்தையும் மீட்டார். தாம் குற்றம் செய்யவில்லை என்றே அவர் சொல்லி வருகிறார். அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் மைக்கேல் விக் நாய்ச் சண்டை நடத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டு 2007இல் இருபத்து மூன்று மாதச் சிறை பெற்றார். 2009இல் பிலடெல்பியா அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. நாய்ச் சண்டைக்கு எதிராக இளைஞர்களிடம் அவர் பேசவும் சென்றார்.

இவ்விருவருள் எவரும் ஆட்டத்தை ஏமாற்றவில்லை. ஆகவே தராசு வாதம் இங்கே செல்லாது. நீதிபதி சிறைத்தண்டனை விதித்தாரேயன்றி, "இவன் இனித் தொழில் செய்யலாகாது" என்று விதிக்கவில்லை. விதிக்காத தண்டனையை ஊரார் விதிக்கலாமா? கூடாது என்பதே சட்டம் பயின்றவர் கூறக்கூடிய விடை.

ஆனால் தாய்மார்களே, உங்கள் முகங்களில் ஒரு கேள்வி தெரிகிறது. துன்புற்ற பெண்ணின் கதி என்ன? அவளுக்குத் தீங்கிழைத்தவனை ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கைதட்டி வரவேற்பதை அவளும் பார்க்கிறாளே! இக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடையில்லை. எம் விடை இதுதான்: வயிற்றுக்குத் தொழில் வேறு, கழுத்துக்கு மாலை வேறு. தண்டனை முடிந்தவன் தொழில் செய்ய உரிமையுடையவன். மாலைக்கு எவரும் உரிமையுடையவரல்லர். அது மக்கள் மனமுவந்து போடுவது. அவன் ஆடட்டும். நாம் கைதட்டுவதா இல்லையா என்பதை, அவன் வீழ்த்திய விக்கெட்டுகளை மட்டும் எண்ணித் தீர்மானிக்க வேண்டாம்.

தீர்ப்புக்கு முன்னும் பின்னும்

மற்றொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். உதைபந்தாட்ட வீரர் செட் எவன்ஸ் 2012இல் வேல்ஸில் வன்புணர்வுக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுச் சிறை சென்றார். 2014இல் வெளியே வந்தபோது அவரைச் சேர்க்க முயன்ற கழகங்கள் கண்டனத்துக்கு அஞ்சிப் பின்வாங்கின. 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது. மறு விசாரணையில் அவர் குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டார். நமது நாட்டுக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில் சிட்னியில் கைதானார். 2023 செப்டெம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. அதன் பின்னரே இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் அவர்மீதிருந்த தடையை நீக்கியது. குற்றம் சாட்டப்படுதல் வேறு, குற்றவாளியெனத் தீர்க்கப்படுதல் வேறு. தீர்ப்பும் திருத்தப்படக் கூடியதே. ஆயுள் தடை என்று அவசரப்பட்டு முழங்குவோர் இதை நினைவிற் கொள்க.

விளையாட்டு ஊழல் நமது நாட்டிலும் இன்று சிறைக் குற்றம். 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பத்தாண்டுவரை சிறை விதிக்க இடமளிக்கிறது. ஆகையால், இக் கேள்வி நாளை நம் பிள்ளைகளில் ஒருவனைப் பற்றியும் எழலாம்.

ஆறு மாதம் என்றுதானே சொன்னார்?

இறுதியாக, எம்மை நீண்ட நாள் உறுத்தி வரும் ஒன்றைச் சொல்லி அமர்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் எம்மைத் தேடி வந்தான். பதினெட்டு வயதில், கூட்டாளிகள் சொற்கேட்டு, ஒரு கமக்காரரின் தண்ணீர் இறைக்கும் மெசினைக் களவாடினான். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதம் சிறையிருந்தான். ஆமிரின் வயதே இவன் வயது. ஆமிரின் தண்டனையே இவன் தண்டனை. எட்டாண்டு கழித்துச் சாரதி வேலையொன்றுக்கு விண்ணப்பித்தான். பொலிஸ் அறிக்கை வந்தது, வேலை போயிற்று. மறு இடத்திலும் அவ்வாறே. "ஐயா, நீதவான் ஆறு மாதம் என்றுதானே சொன்னார்?" என்று கேட்டான். அவனுக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை.

மெசினை இழந்தவரையும் கண்டு பேசினோம். "அவன் மெசின் விலையைக் கட்டிவிட்டான், தம்பி. அந்தப் போகம் தண்ணியில்லாமல் வாடின புகையிலைக்கு யார் கட்டுவார்?" என்றார் அவர். அதற்கும் எம்மிடம் விடை இருக்கவில்லை. இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்குக் காதைப் பொத்திக்கொள்பவன் நீதி பேசத் தகுதியற்றவன். வள்ளுவர் பொருட்பாலிலே செங்கோன்மைக்கும் அதிகாரம் வகுத்தார். கண்ணோட்டத்துக்கும் அதிகாரம் வகுத்தார். ஒன்று இருக்க மற்றது வேண்டாம் என்று அவர் கருதவில்லை.

ஆமிர் திரும்பியபோது உலகம் அவருக்கு வழிவிட்டது. அவர் திருந்தியதனால் மட்டுமா? அவரைப்போல் பந்து வீச வேறொருவர் எளிதில் அகப்படார் என்பதும் காரணமன்றோ? மன்னிப்பு என்பது திறமைக்கு வழங்கும் பரிசாயின் அது மன்னிப்பாகாது, வியாபாரமாகும். பந்து வீசுபவனுக்கு உண்டெனில் மண்வெட்டி பிடிப்பவனுக்கும் அது உண்டு. சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்து ஆமிருக்காகக் கைதட்டிய ஊரிலேதான், அந்த இளைஞன் இன்றும் அன்றாடக் கூலிக்கு வெங்காயம் கிண்டுகிறான்.

ஆகவே, எம்மிடம் கேட்ட கேள்விக்கு எமது விடை: ஆம், தண்டனையை முடித்தவன் மீண்டும் ஆடலாம். ஆட்டத்தையே விற்றவனாயின், குற்றத்தை ஒப்பி, காலம் கழித்து, கண்காணிப்பின்கீழ் ஆடட்டும். தலைமை அவனுக்கு வேண்டாம். துன்புற்றவரை மறந்து எவருக்கும் மாலை சூட்ட வேண்டாம். இந்த விதி புகழ் பெற்றவனுக்கு ஒன்று, பெயரில்லாதவனுக்கு ஒன்று என்று இரண்டாக இருத்தலாகாது.

இச் சபையிலே சங்கக் கடை நிர்வாகிகள் இருக்கிறீர்கள்; வாகனச் சொந்தக்காரர்கள் இருக்கிறீர்கள்; காரியாலயங்களில் ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பிலுள்ளவர்களும் இருக்கிறீர்கள். லோர்ட்ஸ் மைதானத்தின் கதவைத் திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. உங்கள் கதவு உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்த இளைஞனின் விண்ணப்பம் நாளை உங்கள் மேசைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, எமதுரையை முடித்துக்கொள்கிறோம்.