நூறு சதவீதம் என்றால் யாருக்கு நூறு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குழுக் கூட்டம் என்றால் சேமிப்பு, கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு என்னைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு இல்லை. வாங்குகிற கடனில் எத்தனை கடன் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கியது என்று உங்கள் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், "டீச்சர், எந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்? அந்த ஊர்ல நூறு சதவீதமாம், நம்ம ஊர்ல தொண்ணூறுதானாம். பிள்ளைய மாத்திடவா?" என்று கேட்பீர்கள். அதற்கு நம் குழுக் கணக்கை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஒரு குழுவில் 20 பேர் சேர்ந்தார்கள். தவணை கட்டச் சிரமப்பட்ட 6 பேரை நைசாக வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சம் 14 பேரும் ஒழுங்காகக் கட்டினார்கள். "எங்கள் குழு நூறு சதவீத வசூல்" என்று போர்டு வைத்தால் நாம ஒத்துக்குவோமா? அந்த 6 பேர் எங்கே என்று கேட்கமாட்டோமா?

பள்ளிக்கூடத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள். உதாரணத்துக்கு ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 40 பேர் சேர்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியது 28 பேர். 28 பேரும் பாஸ். நூறு சதவீதம். இன்னொரு பள்ளியில் 100 பேர் சேர்ந்து, 95 பேர் எழுதி, 86 பேர் பாஸ். தொண்ணூறு சதவீதம்தான். ஆனால் சேர்ந்த பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் பள்ளியில் நூற்றுக்கு 70 பேர் கரையேறினார்கள். இரண்டாவதில் 86 பேர். இப்போது எது நல்ல பள்ளி?

இன்னொன்றும் இருக்கிறது. 15 பேர் எழுதுகிற சின்ன உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் சதவீதம் 93க்கு இறங்கிவிடும். 150 பேர் எழுதுகிற பள்ளியில் ஒருவர் தவறினால் ஒரு சதவீதம்கூடக் குறையாது. ஒரே ஒரு பிள்ளைக்கு வந்த காய்ச்சலை வைத்து ஒரு பள்ளியையே மட்டம் தட்டக் கூடாது.

நம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். எல்லாம் ஒரே மாதிரியா இருக்கு? மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பங்கள். கீரமங்கலம் பக்கம் பூவும் தென்னையும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னையோடு எத்தனை வீட்டு வருமானம் சாய்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். அன்னவாசல், குன்றாண்டார்கோவில் பக்கம் வானம் பார்த்த பூமி. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளையைப் படிக்க வைக்கிற பள்ளியை, டவுன் பள்ளியோடு ஒரே தராசில் வைக்க முடியாது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பிள்ளைகளை வரிசைப்படுத்தி அறிவிப்பதை 2017லேயே அரசு நிறுத்திவிட்டது. பள்ளிகளை மட்டும் நாம் இன்னும் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் எதை ஒப்பிட வேண்டும்? ஐந்து கேள்வி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை, பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை? நடுவில் நின்றவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை?

இரண்டு: கணக்கு, அறிவியல், ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா? எத்தனை மாதமாக இடம் காலி?

மூன்று: பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா?

நான்கு: சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்ப பஸ் இருக்கிறதா? பஸ் பாஸ் இலவசம்தான். ஆனால் ஆறு மணிக்கு பஸ்ஸே இல்லையென்றால் பாஸை வைத்து என்ன செய்வது? "இருட்டுல எப்படி அனுப்புறது" என்று படிப்பை நிறுத்தி, அதற்குப் பிறகு மாப்பிள்ளை பார்த்த வீடுகளை நான் அறிவேன்.

ஐந்து: பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன? நர்ஸ் படிப்பில் பட்டம் வாங்க ஆசைப்படும் பெண்ணுக்கு, உயிரியல் பிரிவு இல்லாத பள்ளியில் நூறு சதவீதத் தேர்ச்சி இருந்து என்ன பயன்?

கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் உண்டு. நீட் தேர்வில் தகுதி பெற்றால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் 2020 முதல் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தனியாருக்கு மாற்றினால் இந்த ஒதுக்கீடு கையை விட்டுப் போகும். மாற்றாதே என்று சொல்லவில்லை. தெரிந்து முடிவெடுங்கள் என்கிறேன்.

இந்த ஐந்து கேள்வியையும் யாரிடம் கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கத்தில் யூடைஸ் எண் இருக்கிறது. அதைப் போட்டால் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று செல்போனிலேயே பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர மன்னரின் அனுமதி வேண்டியிருந்தது. பின்னாளில் அவர் டாக்டர் ஆனார். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் இதே மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அவர்களின் பேத்திகள்தான் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வருகிற ஜூன் மாதம் ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் தன் ஊர்ப் பள்ளிக்கு இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி, வட்டாரக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓர் ஊரில் பஸ் குறை, இன்னோர் ஊரில் கணக்கு ஆசிரியர் குறை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பிறகு எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம். தனி ஆளாகக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள். கூட்டமைப்பாகக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.