விடியலுக்குக் காத்திருப்போர்



டிசம்பரில் டென்மார்க்கில் காலை எட்டரைக்கு விடிந்து, பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே வீடு திரும்பும் நமக்கு 130ஆம் சங்கீதத்தை விளக்கத் தேவையில்லை. ஆழத்திலிருந்து கூப்பிடும் ஒருவர், விடியலைப் பார்த்திருக்கும் சாமக்காவலரைவிட அதிகமாய் ஆண்டவருக்குக் காத்திருக்கிறார். அவருடைய துன்பம் தீர்ந்துவிட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. காத்திருப்பதும் செபம்தான் என்று நான் அதில் கற்றுக்கொள்கிறேன்.

இதற்கு இந்த நாட்டோடு தொடர்புள்ள ஒரு சாட்சியும் நமக்கு உண்டு. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே அங்கிருந்த டேனிஷ் தளபதி அவரைக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதச் சிறை. வெளியே வந்தபின் விட்ட வேலையைத் தொடர்ந்து 1711இல் முடித்தார். 1715இல் அது அச்சாகி முடிந்தது.

செபிப்போம். ஆண்டவரே, களைப்பினால் வார்த்தை வராத இரவுகளில் எங்கள் மௌனத்தைக் கேளும். வதிவிட அனுமதிக்கும், பிரிந்த குடும்பம் சேர்வதற்கும் காத்திருப்போரைக் கைவிடாதேயும். பாதியில் நின்றவற்றை மறுபடி தொடங்க எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.