தெருச் சந்தை யாருக்காக விரிகிறது?

(மில் தொழிலாளர் குடியிருப்பில் நடந்த தெருக் கூட்டத்தில், வார்டு மக்கள் கமிட்டியின் சார்பில் பேசியதன் வாசகம்)



மில் கேட்டுக்கு எதிரே நடக்கும் மாலைச் சந்தையைப் பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் விரிவாக்குவது என்று முனிசிபாலிடியில் ஒரு யோசனை வந்திருக்கிறது. வேண்டும் என்று ஒரு சாராரும், கூடவே கூடாது என்று ஒரு சாராரும் பேசுகிறார்கள். டீக்கடையில் கைகலப்பு வரைக்கும் போயிற்று. ஆகவே கமிட்டியில் உள்ள நாங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாகப் போய் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டோம். சந்தையில் உட்கார்ந்து விற்பவர்களையும் கேட்டோம். கேட்டதை உங்கள் முன் வைக்கிறோம். எங்கள் முடிவையும் சொல்கிறோம். சம்மதமில்லாதவர்கள் தாராளமாக எழுந்து பேசலாம்.

முதலில், வேண்டாம் என்பவர்களின் பேச்சைச் சொல்லிவிடுகிறோம். அவர்களில் இரண்டு வகை உண்டு.

லைன் வீடுகளில் குடியிருக்கும் தாய்மார்கள் சொன்னது நெஞ்சில் தைக்கும்படி இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாசற்படியில் கால் வைக்க இடமில்லை என்கிறார்கள். பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிப்போக வந்த 108 வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டதாம்; நாலு பேர் கைத்தாங்கலாக அவளைக் கூட்டத்துக்கு நடுவே நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். அழுகிய தக்காளியும் மீன் கழிவும் மறுநாள் பத்து மணி வரை அள்ளப்படாமல் கிடக்கின்றன. கக்கூஸ் கிடையாது என்பதால் ஆண்கள் இவர்கள் வீட்டுச் சுவரில் ஒதுங்குகிறார்கள். இந்தத் தாய்மார்கள் சந்தைக்கு விரோதிகள் அல்லர். அங்கேதான் காய் வாங்குகிறார்கள். இருக்கிற சந்தைக்கே இந்தக் கதி என்றால், இன்னும் இரண்டு தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இரண்டாவது வகை வேறு. மாடி வீட்டுக்காரர்கள் சிலர், சந்தை வந்தால் வீட்டின் மதிப்புக் குறைந்துபோகும், மொத்தமாகத் தூக்கி பைபாஸ் ரோட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பைபாஸுக்கு யார் போவது? ஷிப்ட் முடிந்து, காதில் பஞ்சுத் தூசியோடு, கால் கடுக்க வெளியே வருகிற ஸ்பின்னிங் தொழிலாளி, வீட்டுக்குப் போகிற வழியில் பத்து ரூபாய்க்குத் தக்காளியும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கிப் போகிறார். அவர் பஸ் ஏறி பைபாஸுக்குப் போய்த் தக்காளி வாங்குவாரா? கார் வைத்திருப்பவருக்குத்தான் அது சௌகரியம். காலையில் இதே மாடி வீட்டு வாசலுக்கு வந்து கொத்தமல்லி கொடுக்கிற தள்ளுவண்டியை யாரும் வேண்டாம் என்று சொல்லக் காணோம்.

மளிகைக்கடைக்காரர்களிடமும் போனோம். வாடகை, லைசென்ஸ், கரண்டு பில் எல்லாம் கட்டி நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், எதுவும் கட்டாதவன் எங்கள் வாசலிலேயே கடை போடுகிறான் என்று கோபித்தார்கள். கொஞ்ச நேரம் பேசிய பிறகு அவர்களே, காய் வாங்க வருகிற கூட்டம்தான் எங்களிடம் உப்பு, புளி, எண்ணெய் வாங்குகிறது என்றும் ஒப்புக்கொண்டார்கள். எதுவும் கட்டாதவன் என்பதும் உண்மையில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

சந்தைக்கு வருகிறவர்கள் யார்? பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களின் விவசாயக் கூலிப் பெண்கள். காலையில் களை எடுத்துவிட்டு, தோட்டத்துக்காரரிடம் கீரையோ வெண்டையோ விலை பேசி அறுத்து, மூன்று மணி டவுன் பஸ்ஸில் கூடையோடு வருகிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு இவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. களை எடுப்பு, நாற்று நடவு, அறுவடை போக மீதி நாளில் வயிற்றுக்கு வழி இந்தக் கூடைதான். உழவர் சந்தை இருக்கிறதே, அங்கே போகலாமே என்று சில படித்தவர்கள் கேட்கிறார்கள். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நல்ல ஏற்பாடு. தரகு இல்லாமல் விவசாயியே விற்கிறார். ஆனால் அங்கே உட்கார அடையாள அட்டை வேண்டும். பயிர் செய்பவருக்குக் கொடுக்கிற அட்டை அது. அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவளுக்கு அட்டை ஏது? அவளுக்குத் தெருதான் சந்தை.

வாங்குகிறவர் யார்? நீங்கள்தான். மில் ஹாஸ்டலில் அடைந்து கிடக்கும் பெண் பிள்ளைகள் ஞாயிறு ஒரு நாள் வெளியே வந்து வளையலும் நைட்டியும் வாங்குவது இங்கேதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பத்துப் பேராக ஒரே அறையில் தங்கியிருக்கும் தொழிலாளிகள் உருளைக்கிழங்கு வாங்குவதும் இங்கேதான். பெரிய கடையில் பாக்கெட் போட்டு வைத்ததைத்தான் எடுக்க வேண்டும்; இங்கே கையில் இருக்கிற காசுக்குத் தகுந்த மாதிரி வாங்கலாம். இருட்டின பிறகு மிச்சத்தைப் பாதி விலைக்குக் கூறு கட்டிக் கொடுக்கிறார்கள். கூலி உயராத மாதத்தில் உங்கள் குழம்பில் காய் விழுவது இந்தக் கூறுகளால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தந்திருக்கும் தொழில் உரிமைக்குள் வரும், நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்று பார்லிமெண்டில் சட்டமே வந்தது. அதன்படி முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து சர்டிபிகேட் கொடுத்து முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சர்டிபிகேட் பெற்றவரை இடம் மாற்றுவதானாலும் முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும். வார்டின் ஜனத்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். நாலாயிரம் பேர் உள்ள வார்டில் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகம் என்பதை மட்டும் காரணம் காட்டி ஓர் இடத்தில் வியாபாரத்தைத் தடை செய்யக் கூடாது. குப்பை, நாற்றம் என்பதையும், அதற்கு வியாபாரிகள் மட்டுமே காரணம், முனிசிபாலிடி முயன்றாலும் தீர்க்க முடியாது என்றால் ஒழியக் காரணமாகக் காட்டக் கூடாது. லைன் வீட்டுத் தாய்மார்களின் புகார் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பது இப்போது தெரிகிறதல்லவா? குப்பை வண்டியை இரவு ஒன்பது மணிக்கு அனுப்பாதது கூடைக்காரியின் குற்றமா? கக்கூஸ் கட்டாதது யார் குற்றம்? அந்தப் பெண்கள் மூன்று மணிக்கு வந்து ஒன்பது மணி வரை, ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சென்னையில் நடந்ததையும் நினைவில் வையுங்கள். மெரினா லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்து மீனவர்களின் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் ஐகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்தது. கார்ப்பரேஷன் கடைகளை அப்புறப்படுத்தியது. அங்காடிக் கட்டிடம் அப்போது முடிந்திருக்கவில்லை. படகு கரையேறும் இடத்திலேதான் நாங்கள் விற்க முடியும் என்று மீனவ ஜனங்கள் ரோட்டில் இறங்கிப் போராடினார்கள். 366 கடைகளுடன் அங்காடி திறந்தது 2024 ஆகஸ்டில். கட்டிடத்தை முடித்துவிட்டு ஜனங்களைக் கூப்பிட்டிருந்தால் இடையில் அந்த அவதி எதற்கு?

இனி நம் ஊர் யோசனைக்கு வருவோம். விரிவாக்கம் என்றதும் வியாபாரிகளில் பலர் சந்தோஷப்பட்டார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், வரைபடத்தைப் பார்க்கும் வரை. வரைபடத்தில் இருப்பது வரிசையாகக் கான்கிரீட் கடை அறைகள். டெபாசிட் கட்டி ஏலத்தில் எடுக்க வேண்டும். தரையில் சாக்கு விரித்து உட்காருகிறவர்களுக்கு ஒரு மூலையில் கொஞ்சம் இடம். அறைகளுக்கு டெபாசிட் கட்டப்போவது யார்? காலையில் தண்டல்காரரிடம் கடன் வாங்கி, சாயங்காலம் வட்டியோடு திருப்பிக் கட்டுகிற பூக்காரியா? ஆகவே சந்தை பெரிதாகும். சந்தைக்காரர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள்.

அடுத்தது குத்தகை. இன்று கூடைக்கு இவ்வளவு, தள்ளுவண்டிக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிப்பது முனிசிபாலிடியா? இல்லை, ஏலம் எடுத்த காண்ட்ராக்டர். சிலருக்கு ரசீது உண்டு, பலருக்கு இல்லை. ரேட்டு எழுதிய போர்டு எங்குமே இல்லை. ஒரே அளவுக் கூடைக்கு இரண்டு பேரிடம் இரண்டு தொகை வாங்கியதை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். சந்தை விரிந்தால் ஏலத் தொகை உயரும். உயர்ந்த தொகையைக் காண்ட்ராக்டர் தன் பையிலிருந்தா கட்டுவார்? கீரைக் கட்டின் தலையில் ஏற்றுவார். அது உங்கள் தலையில் வந்து விழும். லைன் வீட்டுத் தாய்மார்களும் கூடைக்காரிகளும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் வசூல் மட்டும் தவறாமல் நடக்கிறது.

வியாபாரிகளிடம் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே ஆள் மூன்று இடம் பிடித்து வைத்து, இரண்டை உள்வாடகைக்கு விடுகிறார். பள்ளிக்கூட வாசலை அடைத்துச் சிலர் வண்டி நிறுத்துகிறார்கள். இதைக் கண்டித்து அவர்கள் முகத்துக்கு நேரேயே சொன்னோம். முணுமுணுத்தார்கள்.

எங்கள் முடிவு இது. சந்தை விரிவாகட்டும். ஆனால் முதலில் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். இன்று தரையில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் சர்டிபிகேட் கிடைத்த பிறகே ஒரு செங்கல் வைக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஓர் இடம்தான். தெரு நடுவில் ஆம்புலன்ஸ் போகிற அகலத்துக்குக் கோடு போட்டு, அதைத் தாண்டி யாரும் கடை பரப்பக் கூடாது. வீட்டு வாசல் ஒவ்வொன்றுக்கும் வழி விட வேண்டும். கக்கூஸ், தண்ணீர்க் குழாய், விளக்கு, இரவு குப்பை வண்டி, இவையெல்லாம் வந்த பிறகே இரண்டாவது தெரு. குத்தகையை ஒழித்து, முனிசிபாலிடியே ரசீது கொடுத்து நேராக வசூலிக்கட்டும். இதையெல்லாம் கவனிக்கச் சட்டப்படி ஒரு விற்பனைக் குழு உண்டு. அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கத்துக்கும் அதில் இடம் உண்டு. லைன் வீட்டிலிருந்து ஒரு தாயும், கூடைக்காரிகளிலிருந்து ஒரு தாயும் கமிஷனரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசட்டும்.

மகஜர் இந்த மேஜைமேல் இருக்கிறது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டும் செல்லும். வேண்டாம் என்பவர்கள் தங்கள் காரணத்தைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள், அதையும் சேர்த்தே கமிஷனரிடம் கொடுப்போம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முனிசிபல் ஆபீஸ் வாசலில் கூடுகிறோம். சாயங்கால ஷிப்ட்காரர்கள் வர முடியும். கிராமத்துத் தாய்மார்கள் அன்று காலையிலேயே கூடையோடு வந்துவிடுங்கள்; அங்கிருந்து நேரே சந்தைக்குப் போய்விடலாம்.