குப்பையைப் பிரிப்போம்! தூய்மைத் தொழிலாளியோடு சேர்ந்து நிற்போம்!

(சாத்தாங்காட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் சாரம்)



சம்பளம், போனஸ், ரேஷன் பற்றிப் பேசும் மேடையில் குப்பையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். குப்பையும் நம் வர்க்கத்தின் பிரச்னைதான். ஏன் என்று சொல்கிறோம்.

நகரத்தின் குப்பை எங்கே போய்ச் சேருகிறது? பங்களாத் தெருக்களில் குவிவதில்லை. திருவொற்றியூர் தனி நகராட்சியாக இருந்த நாளில் அதன் குப்பை இந்தச் சாத்தாங்காட்டில் வந்து விழுந்தது. 2011-ல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகராட்சியின் வடபகுதிக் குப்பையோ பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில் மலையாக வளர்ந்தது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டத் திட்டம் போட்டார்கள். அதை எதிர்த்து 2025 மே மாதத்தில் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். எண்ணூர்ச் சாம்பலையும் மணலிப் புகையையும் சுவாசித்தவர்கள் இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்பதில் என்ன ஆச்சரியம்?

சென்னையில் நாள்தோறும் சேரும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். அதில் சுமார் பாதி மக்கக்கூடியது: மீந்த சோறு, காய்கறித் தோல், மீன் செதில், வாழையிலை, வேப்பஞ்சருகு. தனியாக எடுத்தால் இது எரு. பிளாஸ்டிக்கோடு கலந்து மேட்டில் புதைந்தாலோ, காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் வாயுவைக் கக்கும். அது தீப்பற்றும் வாயு. கருஞ்சாறு கசிந்து நிலத்தடி நீரைக் கெடுக்கும். ஈரக் குப்பை உலைக்கும் உதவாது. ஈரத்தை வற்றவைக்கவே பாதிச் சூடு போய்விடும். ஆகவே, ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்துவிட்டால் குப்பை மேடும் வளராது, உலை வேண்டும் என்ற வாதமும் வலுவிழக்கும்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிதல்ல. எருக்குழியில் சாணம் போடுவோம், சருகு போடுவோம். கண்ணாடித் துண்டைப் போடமாட்டோம். அந்த எருவை மிதிக்கும் வெறுங்கால் நம்முடையது. நகரத்திலும் அதே நியாயம்தான். பிளேடும் ஊசியும் உடைந்த பல்பும் சோற்றோடு கலந்து கிடந்தால் யார் கை கிழிகிறது? காலையில் பேட்டரி வண்டியோடு வருகிறாரே, அந்த அம்மாவின் கை.

செய்ய வேண்டியது கொஞ்சந்தான். சமையலறைக் கழிவுக்கு ஒரு கூடை. காகிதம், பிளாஸ்டிக், தகரத்துக்கு வேறொரு கூடை. ஈரக் குப்பையை நீர் வடித்துப் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டித் தராதீர்கள். பை மக்காது, அதை அவிழ்த்துக் கொட்டுவது தொழிலாளியின் தலையில் விழும். வாசல் சருகைக் கொளுத்தாதீர்கள்; உரக்கூடத்தில் ஈரக் குப்பையோடு காய்ந்த சருகு சேர்ந்தால்தான் காற்றோட்டம் கிடைத்து நாற்றமில்லாமல் மக்கும். டயபர், நாப்கின் ஆகியவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுங்கள். பிளேடு, பேட்டரி, பழைய மருந்து ஆகியவற்றையும் தனியே கொடுங்கள்.

“நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே!” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வண்டியோட்டியைத் திட்டிப் பயனில்லை. ஆள் குறைவு, தெரு அதிகம் என்றால் அவர் என்ன செய்வார்? கோளாறு ஏற்பாட்டில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு சென்னையின் சில மண்டலங்களை ஓனிக்ஸ் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டபோது டன் கணக்கில் பணம் கொடுத்தார்கள். டன்னுக்குப் பணம் என்றால், குப்பை குறைவதில் எந்தக் கம்பெனிக்கு அக்கறை இருக்கும்?

2025 ஆகஸ்ட் 1 முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். தனியாரிடம் தள்ளாதே, வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவரிடம் ஒரு தெருவின் குப்பையை ஒழுங்காகப் பிரித்து எடுக்கும் பொறுப்பை எப்படிக் கேட்பது?

ஆலப்புழையைப் பாருங்கள். 2012-ல் சர்வோதயபுரம் மக்கள், எங்கள் ஊரில் கொட்டாதே என்று நகரத்துக் குப்பை லாரிகளை மறித்தார்கள். அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த தோழர் தாமஸ் ஐசக்கும் நகராட்சியும் மக்களும் சேர்ந்து, அந்தந்த வார்டிலேயே மக்கவைக்க ஏற்பாடு செய்தார்கள். வீடுகளில் குழாய் உரமும் சாண எரிவாயு போன்ற எரிவாயுக் கலமும், தெருவில் உரத்தொட்டியும் வந்தன. 2017-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பே அந்த நகரைப் பாராட்டியது.

ஆகவே வருகிற ஞாயிறு முதல் தெருவுக்கு இரண்டு தோழர்கள் வீடு வீடாகச் செல்வோம். முதலில் நம் தோழர்களின் வீட்டுக் கூடைகளைப் பார்ப்போம். பிறகு, பிரித்த குப்பையோடு மாநகராட்சியிடம் மூன்று கோரிக்கை வைப்போம்: ஈரத்துக்கும் உலர்ந்ததற்கும் தனித்தனி அறையுள்ள வண்டி, வார்டுக்கு ஓர் உரக்கூடம், கையுறையும் காலணியும் நிரந்தர வேலையும் உள்ள தூய்மைத் தொழிலாளி. நம் பங்கை நாம் செய்துவிட்டுக் கேட்டால், பொதுமக்கள் ஒத்துழைப்பதில்லை என்று அதிகாரி சொல்லித் தப்ப முடியாது.