சினத்தை என்ன செய்வது?

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சினத்தைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தவர்கள், எமது சுபாவத்தை அறிந்தே பணித்தார்கள் போலும்! வள்ளுவர் வெகுளாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் மலைப்பிரசங்கத்திலும் அதே எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்தோம். சினம் தீதென்பதில் ஐயமில்லை. வந்துவிட்ட சினத்தை என்ன செய்வது என்பதே வினா.

"அடக்கு" என்பர் பெரியோர். "கொட்டித் தீர்த்துவிடு" என்பர் நண்பர். உளநூலாரோ இரண்டையும் ஐயுறுகின்றனர். அமெரிக்க உளநூலறிஞர் ஜேம்ஸ் குரோஸ் 1998 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 120 பேருக்கு அருவருப்பூட்டும் சத்திரசிகிச்சைப் படம் காட்டப்பட்டது. உணர்ச்சியை மறைக்கும்படி பணிக்கப்பட்டோரின் முகம் அமைதியாயிற்று. அருவருப்போ குறையவில்லை, உடலின் பதற்றம் கூடியது. பற்றற்ற நோக்கோடு பார்க்கும்படி பணிக்கப்பட்டோர்க்கு அருவருப்பே குறைந்தது. 2002 இல் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்திய மாணாக்கர்க்குக் கோபம் மிகுந்ததேயன்றித் தணியவில்லை. சும்மா இருந்தோரே அவர்களிலும் சாந்தமாயிருந்தனர். "சும்மா இரு" என்று எம் தாயார் அதட்டியதில் இத்துணை பொருள் உண்டென்று நாம் அன்று எண்ணவில்லை.

உயர்தரப் பரீட்சையில் நாம் முதன்முறை தவறியபோது, தந்தையார் அயலவர் முன்னிலையில் ஒரு சொல் சொல்லிவிட்டார். நாம் மறுமொழி கூறவில்லை. ஏழு மாதம் அவரோடு பேசவுமில்லை. அடக்கமான பிள்ளையென்று உறவினர் மெச்சினர். நித்திரை குறைந்ததையும், சோறு கண்டால் வயிறு எரிந்ததையும் அவர்கள் அறியார். அடக்கம் வேறு, அமுக்கி வைத்தல் வேறு.

ஒரு மாலை, தோய்ப்பதற்கு எடுத்த அவரது சட்டைப் பையில் எமது பெறுபேற்றுத் தாள் இருந்தது. மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தது. மறுமுறை எழுதுவதற்கு வழி கேட்டு அதனை எத்தனை ஆசிரியர்களிடம் கொண்டு திரிந்தாரோ! அச்சொல்லைப் பேசியது வெறுப்பன்று, பயம் என்பது அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று. தாளை மீண்டும் மடித்து அவரது மேசையில் வைத்தோம்.

அன்றிரவு அவர் அருகிலிருந்து உண்டோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "குழம்புக்குப் புளி கூடிப்போச்சு" என்றார். "ஓம் ஐயா" என்றோம்.